காரைக்குடி டூ தாம்பரம், ரெண்டு சின்னப் பிள்ளைங்களோட: நாங்க வாங்கின கார் சீட் எப்படி இருக்கு

முதல்லயே சொல்லிடறேன், சின்னப் பிள்ளைங்களை வச்சுக்கிட்டு அடிக்கடி நெடுந்தூரம் கார்ல போற வீடுன்னா கார் சீட் வாங்கிடுங்க, பிள்ளைக்கு போடற காப்புல ஒரு கிராம் குறைஞ்சாலும் பரவாயில்ல. எங்க வீடு காரைக்குடி, அம்மா வீடு தாம்பரம், நடுவுல கிட்டத்தட்ட 400 கிலோமீட்டர். கல்யாணம், படைப்பு, பொங்கல், அம்மாவுக்கு முடியலன்னு ஏதாவது ஒண்ணுக்கு போயிக்கிட்டும் வந்துக்கிட்டும்தான் இருக்கோம். மூத்தவளுக்கு நாலு வயசு ஆகப்போகுது, சின்னவனுக்கு இன்னும் ஒரு வயசு முடியல. மூத்தவளுக்குன்னு வாங்கின சீட்டுலதான் இப்ப சின்னவன் உக்கார்றான், அவளுக்கு அடுத்த சைஸ் வாங்கியாச்சு. அதனால கத்திரி வெயில், வாந்தி, கொட்டின பால் எல்லாம் பாத்துட்ட சீட்டு இது, நம்பி எழுதலாம்.

சீட்டு என்னன்னா, பொறந்ததுல இருந்து 18 கிலோ வரைக்கும் வர்ற கன்வெர்ட்டிபிள் டைப். 13 கிலோ வரைக்கும் பின்னாடி பாத்த மாதிரி வைக்கலாம், 9 கிலோவுக்கு மேல 18 வரைக்கும் முன்னாடி பாத்தும் வைக்கலாம். விலை பன்னெண்டாயிரத்துக்கு கொஞ்சம் மேல ஆச்சு. பின்பக்கம் ஆரஞ்சு கலர்ல ஒரு ஸ்டிக்கர், வட்டத்துக்குள்ள இங்கிலீஷ் E எழுத்து போட்டு ஆர்44/04ன்னு இருக்கும், ஐரோப்பாக்காரங்க டெஸ்ட் பண்ணி பாஸ் ஆனதுக்கு அடையாளம் அது. இப்ப அங்க ஆர்129ன்னு புது ரூல் வந்திருக்கு, அதுல எடைக்கு பதிலா உயரத்தை வச்சு சீட் பாக்கறாங்க, குறைஞ்சது 15 மாசம் வரைக்கும் பின்னாடி பாத்துதான் உக்காரணும்னு கட்டாயம். நம்ம இந்தியாவுக்குன்னு ஏஐஎஸ் 072ன்னு ஒரு ரூல் இருக்கு. இதுல எதுவுமே இல்லாம வெறும் பஞ்சு மெத்தையும் நாலு பெல்ட்டும் வச்சு ஆயிரத்துக்கும் ரெண்டாயிரத்துக்கும் ஆன்லைன்ல நிறைய விக்கறாங்க, அது கார் சீட்டே கிடையாது, அந்தப் பக்கம் போகாதீங்க. கம்பெனி பேர் இங்க போடல, குறைகளும் சொல்லப்போறேன், அதுவும் இல்லாம நான் சொல்றதுல பாதி இந்த வகை சீட்டு எல்லாத்துக்குமே பொருந்தும்.

வாங்கறத விட வீட்டுல ஒத்துக்க வைக்கறதுதான் பெரிய வேலை. மூத்தவளுக்கு வாங்கினப்போ அத்தை பாத்துட்டு, "ஏம்மா, பச்சப்பிள்ளைய இப்புடி வாரு போட்டு இறுக்குறியே, நான் ஒருத்தி மடியில வச்சுக்க மாட்டேனா, உங்க வீட்டுக்காரனை மெட்ராஸ் வரைக்கும் மடியிலதான வச்சுக்கிட்டுப் போனேன்"னாங்க. அவங்க ஆசையா சொன்னதுதான், கோவப்பட ஒண்ணுமே இல்ல. ஆனா வீட்டுக்காரர் உக்காந்து ஒரு பேப்பர்ல கணக்கு போட்டுக் காமிச்சார். வண்டி 50 கிலோமீட்டர் ஸ்பீடுல போகுது, எதுலயோ மோதி அரை மீட்டர் தூரத்துக்குள்ள நின்னுடுதுன்னா, 10 கிலோ பிள்ளை அந்த நேரத்துல கிட்டத்தட்ட 200 கிலோ கனத்தோட முன்னாடி இழுக்கும். ரெண்டு மூட்டை நெல்லை விட ஜாஸ்தி, எந்தக் கை தாங்கும். 50 ஸ்பீடுங்கறது பைபாஸ் கூட இல்ல, நம்ம புதுக்கோட்டைக்குள்ள போற ஸ்பீடு. அத்தை அன்னைக்கு பதில் எதுவும் சொல்லல, ஆனா மறுபடி மடின்னு கேக்கல.

தூளிதான் இன்னொண்ணு. எங்க பக்கம் பிள்ளைங்க தூளியில தூங்கியே பழகினதுங்க, அது ஆடலன்னா கண்ணு மூடாது. கார் கதவுக்கு மேல கைப்பிடி இருக்கே, ரெண்டு பக்கமும் சேலையக் கட்டி பிள்ளைய போட்டுக்கிட்டுப் போறத நானே நேர்ல பாத்திருக்கேன், எங்க சொந்தத்துலயே ஒருத்தங்க அப்படித்தான் போனாங்க. தயவுசெஞ்சு செய்யாதீங்க. பிரேக் போட்டா அந்தத் தூளி பிள்ளையோட சேத்து முன் சீட்டுல போய் அடிக்கும், பிடிச்சு நிறுத்த அங்க ஒண்ணுமே இல்ல. சின்னவனுக்கு நான் என்ன பண்ணேன்னா, ஊருக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு வாரமா சாயங்காலம் பிள்ளையார்பட்டி, குன்றக்குடின்னு கிட்ட கிட்ட சுத்தும்போதெல்லாம் சீட்டுல போட்டே கூட்டிட்டுப் போனேன். முதல்ல ரெண்டு மூணு நாள் வீறிட்டான், அப்புறம் வண்டி ஆட்டமே தூளி ஆட்டமா ஆயிடுச்சு, இப்ப திருமயம் கோட்டை வர்றதுக்குள்ள தூங்கிடறான். கோட்டை பைரவர்கிட்ட வண்டிய நிறுத்தி ஒரு கும்பிடு போட்டுட்டுப் போறது எங்க வீட்டு வழக்கம், அதுக்குக்கூட இப்ப ஒருத்தர்தான் இறங்கறோம், அவன் முழிச்சுடுவான்னு.

சீட்டு உருப்படியா வேலை செய்யுதான்னு கேட்டீங்கன்னா, செய்யுது. கீரனூர் தாண்டி ஒரு இடத்துல விடியக்காலை இருட்டுல ஆட்டு மந்தை ஒண்ணு திடீர்னு ரோட்டைக் கடந்துச்சு, வீட்டுக்காரர் அடிச்ச பிரேக்குல பின்னாடி என் கால்கிட்ட இருந்த ஸ்டீல் தண்ணி பாட்டில் பறந்து முன்னாடி டேஷ்போர்டுல போய் டங்குனு விழுந்துச்சு, என் பெல்ட் நெஞ்சைப் பிடிச்சு இறுக்கிடுச்சு, மூத்தவ தலை முன்னாடி போயி அவ வாரு பிடிச்சு நின்னுச்சு. சின்னவன் பின்னாடி பாத்து உக்காந்திருந்ததால முதுகும் தலையும் சேந்தே சீட்டுல அமுங்கியிருக்கு, தூக்கத்துல ஒரு தடவை உதட்டைச் சுழிச்சுட்டு மறுபடி தூங்கிட்டான். அன்னையில இருந்து ஸ்டீல் பாட்டில் டிக்கிக்குப் போயிடுச்சு.

பின்னாடி பாத்து வைக்கறதுக்கு காரணமே அதுதான். பொறந்த குழந்தைக்கு தலை மட்டும் மொத்த நீளத்துல கால்வாசி இருக்கும், கழுத்தெலும்பு இன்னும் முழுசா எலும்பாவே ஆகியிருக்காது. முன்னாடி பாத்து உக்காந்தா தோளை வாரு பிடிச்சுக்கும், தலை மட்டும் பிச்சுக்கிட்டு முன்னாடி போகும், அத்தனை இழுப்பும் கழுத்துக்குத்தான். பின்னாடி பாத்தா மொத்த முதுகும் அதை வாங்கிக்கும். அமெரிக்கா குழந்தை டாக்டர்கள் சங்கம் 2018ல இருந்து வயசுக் கணக்கே வேண்டாம், சீட்டுல போட்டிருக்கற எடை, உயரம் முடியற வரைக்கும் பின்னாடி பாத்தே வையுங்கன்னு சொல்றாங்க. மூத்தவளை 13 கிலோ தொடற வரைக்கும் அப்படித்தான் வச்சிருந்தோம். பாத்தவங்க எல்லாருமே "காலு மடங்கியிருக்கே, பிள்ளைக்கு வலிக்காதா"ன்னு கேட்டாங்க. வலிக்காது, அவ சம்மணம் போட்டுக்கிட்டு ஜாலியாத்தான் வந்தா. ஆனா நாங்க முதல்ல சீட் பாக்கப்போன கடையில சேல்ஸ் பையன், ஆறு மாசம் ஆனா முன்னாடி திருப்பிடலாம் மேடம்னு ரொம்ப தைரியமா சொன்னாரு, பாக்ஸ்லயே 9 கிலோவுக்கு மேலன்னு போட்டிருக்கு. விக்கறவங்க சொல்றத வச்சு முடிவு பண்ணாதீங்க, மேனுவலை ஒரு தடவை முழுசா படிங்க. அந்த மேனுவல் இங்கிலீஷ்ல மட்டும்தான் இருக்கு, எழுத்து எறும்பு சைஸு, தமிழ்நாட்டுல விக்கறவங்க தமிழ்ல ஒரு நாலு பக்கம் போட்டா என்ன கொறஞ்சுடும். பெரியவங்க, டிரைவர் அண்ணன்னு சீட்டை மாட்டிவிடறவங்க படிக்க வேண்டாமா, இதுக்கே ஒரு ஸ்டார் குறைப்பேன்.

மாட்டற விஷயத்துக்கு வர்றேன். எங்க கார்ல பின் சீட்டு ரெண்டு ஓரத்துலயும் ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கு, சீட்டுல இருந்து வர்ற ரெண்டு கையை அதுல விட்டா டக்குனு சத்தம் வந்து பச்சை கலர் காமிக்கும், சிவப்பா இருந்தா மாட்டலன்னு அர்த்தம், ரெண்டே நிமிஷ வேலை. மாமாவோட பழைய கார்ல அந்தக் கொக்கி கிடையாது, வண்டி பெல்ட்டு வச்சுதான் கட்டணும், பின்னாடி பாத்து வைக்கும்போது பெல்ட்டு சீட்டை முழுசா சுத்தி வரணும், அந்த வண்டியில பெல்ட்டு நீளமே பத்தல, எவ்வளவு இழுத்தும் லாக் ஆகல. அதனால வாங்கறதுக்கு முன்னாடி உங்க வண்டிய கடைக்கே ஓட்டிட்டுப் போயி மாட்டிப் பாத்துட்டு வாங்குங்க, காரைக்குடியில அப்படி பாக்க வாய்ப்பு கம்மி, திருச்சி மதுரை போகும்போது பாத்துக்கலாம். மாட்டினதுக்கப்புறம் சீட்டோட அடிப்பக்கத்தைப் பிடிச்சு நல்லா ஆட்டணும், ஒரு இஞ்சுக்கு மேல ஆடக்கூடாது. பிள்ளைக்கு போடற வாரு தோள்கிட்ட ரெண்டு விரலால கிள்ளிப் பாருங்க, துணி மடிப்பு மாதிரி கையில பிடிபட்டா இன்னும் இறுக்கணும்.

சாய்மானம்தான் இந்த சீட்டுல எனக்கு பிடிக்காத விஷயம். சீட்டு பக்கவாட்டுல ஒரு கோடு போட்டிருக்காங்க, அது தரைக்கு மட்டமா இருந்தா சரியான சாய்வுன்னு அர்த்தம், ஆனா எங்க கார் பின் சீட்டே உள்பக்கமா சரிஞ்சிருக்கறதால சின்னவன் குட்டியா இருந்தப்போ நேரா நிமிந்த மாதிரி ஆகி தூக்கத்துல தலை நெஞ்சுல விழுந்துடுச்சு. கைக்குழந்தைக்கு இது ஆபத்து, மோவாய் நெஞ்சுல இடிச்சா மூச்சு அடைபடும். மேனுவல்ல அனுமதிச்சிருந்ததால ஒரு துண்டை இறுக்கமா உருட்டி சீட்டுக்கு அடியில, சீட்டும் முதுகும் சேர்ற மடிப்புல வச்சதும் சரியாச்சு. அதே மாதிரி ஊருக்கு வந்து சேந்ததும் "தூங்கறான், எழுப்பாத, அப்படியே விடு"ம்பாங்க, விடாதீங்க, எடுத்து படுக்க வச்சுடுங்க, கார் சீட்டு கார் ஓடறப்போ மட்டும்தான். ஒரு நிமிஷம்தானேன்னு கார்லயே விட்டுட்டுப் போறது கூடவே கூடாது, நம்ம ஊர் வெயிலுக்கு பூட்டின வண்டிக்குள்ள பத்தே நிமிஷத்துல பத்து டிகிரி ஏறிடும்.

வெயிலு. செட்டிநாட்டுல இருந்துக்கிட்டு வெயிலைப் பத்தி பேசாம கார் சீட் ரிவியூ எழுத முடியாது, யூடியூப்ல பாக்கற ரிவியூ எல்லாம் குளிரு நாட்டுக்காரங்க போட்டது, ஸ்வெட்டரோட வாரு போடாதீங்கன்னு சொல்லுவாங்க, நமக்கு எதுக்கு அது. இங்க பிரச்சனை வேற. சீட்டு துணி பாலியஸ்டர், பிள்ளை முதுகு முழுக்க நனைஞ்சுடுது, சின்னவனுக்கு முதல் தடவையே வேர்க்குரு வந்துடுச்சு. ஏசி இருக்கேன்னு நினைப்பீங்க, பின்னாடி பாத்த சீட்டுக்கு முன்னாடி இருந்து வர்ற காத்து சீட்டு முதுகுல அடிச்சுட்டு போயிடும், பிள்ளை மூஞ்சிக்கு போகாது. கிளம்பறதுக்கு பத்து நிமிஷம் முன்னாடியே ஏசி போட்டு, மேல் வழியா காத்து கூரையில பட்டு பின்னாடி இறங்கற மாதிரி திருப்பி வைக்கறோம். முதுகுக்கு மெல்லிசான ஒத்தை காட்டன் துணி, பழைய கண்டாங்கி சேலையில கிழிச்சது, அதை மட்டும் விரிக்கறேன். பஞ்சு வச்ச குஷன், ஜெல் மெத்தைன்னு தனியா விக்கறத போடாதீங்க, அடியில அது அமுங்கினா வாரு லூஸாயிடும்.

பக்கிள் இருக்கே, அதுல இரும்பு நாக்கு, செம்மண் பொட்டல்ல ஒரு மணி நேரம் வண்டி நின்னா தொட முடியாது. கானாடுகாத்தான்ல ஒரு கல்யாணத்துக்குப் போயிட்டு வந்து மூத்தவளை உக்கார வச்சப்போ தொடையில பட்டு வீல்னு கத்தினா, செவந்தே போச்சு. அப்போல இருந்து வண்டிய விட்டு இறங்கினதும் மாமாவோட பழைய வெள்ளை வேட்டிய சீட்டு மேல முழுசா போத்திட்டுத்தான் கதவை சாத்தறது, வந்ததும் பக்கிளை என் உள்ளங்கையில வச்சுப் பாத்துட்டுத்தான் பிள்ளைக்கு போடறது.

எந்தப் பக்கம் வைக்கறதுங்கறதும் வெயிலை வச்சுதான். காரைக்குடியில இருந்து காலையில வடக்கே போறோம், வெயில் வலது பக்கம் வரும். தாம்பரத்துல இருந்து மத்தியானம் கிளம்பி தெக்கே திரும்பறோம், அப்பவும் மேற்கு வெயில் வலது பக்கம்தான். அதனால சின்னவன் எப்பவும் இடது பக்கம். ரோடு ஓரமா இறக்கறதும் இடது பக்கம்னா பயமில்ல, அதுவும் இல்லாம பின்னாடி பாத்த சீட்டு நிறைய இடம் எடுத்துக்கும், அதுக்கு முன்னாடி இருக்கற சீட்டை நல்லா முன்னாடி தள்ளணும், டிரைவர் பின்னாடி வச்சா ஓட்டறவருக்கு முட்டி இடிக்கும். எங்க வண்டியில அத்தை முன்னாடி உக்காருவாங்க, அவங்க ஒல்லி, குள்ளம், சரியா இருக்கு. எதுக்கும் முன் சீட்டுல மட்டும் இந்த சீட்டை வச்சுடாதீங்க, ஏர்பேக் விரிஞ்சா நேரா பிள்ளை தலைக்குப் பின்னாடிதான் அடிக்கும்.

நம்ம வீட்டு விசேஷத்துக்கு போறவங்களுக்கு ஒண்ணு. பட்டுப்பாவாடையோட வாரு போட முடியாது, துணி மடிஞ்சு மடிஞ்சு பக்கிள் பூட்டவே பூட்டாது, பூட்டினாலும் அடியில லூஸு. காட்டன் கவுன் போட்டுக் கூட்டிட்டுப் போயி மண்டபத்துக்கு வெளியில மாத்தி விடுங்க. அரைஞாண் கயித்துல தாயத்து கோர்த்திருந்தா அதை முதுகுப் பக்கம் தள்ளாதீங்க, பக்கவாட்டுல ஒதுக்குங்க. சின்னவன் ஒரு தடவை விழுப்புரம் பக்கத்துல காரணமே தெரியாம அழுதுக்கிட்டே வந்தான், நிறுத்திப் பாத்தா பக்கிளுக்கு நேர் கீழ அந்த வெள்ளித் தாயத்து அமுங்கி வயித்துல வட்டமா அச்சு விழுந்திருந்துச்சு.

துவைக்கறது சுமார்தான். கவரை கழட்ட நிறைய ஹூக்கு, மறுபடி மாட்ட ஒரு மத்தியானம் போயிடும். வாரை மட்டும் மெஷின்ல போடக்கூடாது, ஊறவும் வைக்கக்கூடாது, ஈரத்துணியால துடைக்கணும், சோப்புல ஊறினா நூலோட பலம் போயிடும்னு மேனுவல்லயே இருக்கு. பக்கிளுக்குள்ள தேன்குழல் தூளு போயி ஒரு தடவை பூட்டாமலே நின்னுடுச்சு, கம்பெனிக்கு போன் போட்டா ஆளுக்கு ஆள் மாத்தி விட்டாங்களே தவிர ஒருத்தரும் வழி சொல்லல. கடைசியில மேனுவல் பின்பக்கத்துல பாத்து பக்கிளை மட்டும் வெதுவெதுப்பான தண்ணியில அலசி காய வச்சதும் சரியாச்சு.

சாப்பாடு ஓடற வண்டியில குடுக்கறதே இல்ல. எங்க சொந்தக்காரங்க கிளம்பும்போது சீடை, முறுக்கு, கடலை உருண்டைன்னு டப்பா டப்பாவா ஏத்தி விடுவாங்க, அன்பு, வேண்டாம்னு சொல்ல முடியாது, ஆனா எல்லாம் நேரா டிக்கிக்கு. சீடை, வேர்க்கடலை, முழு திராட்சை இதெல்லாம் நாலு வயசுக்கு உள்ள பிள்ளைக்கு தொண்டையில மாட்டற சைஸு, ஓடற கார்ல மாட்டினா யாரும் சட்டுனு எடுக்க முடியாது. இட்லி, செவ்வாழை, ராகிக் கூழு, நிறுத்தின இடத்துல. பாலும் அப்படித்தான், ரெண்டு நிமிஷம்னு சொல்லி வாரை அவுத்து பால் குடுக்கற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு, வண்டிய நிறுத்திட்டு குடுங்க.

நாங்க காலையில நாலரைக்கு கிளம்பிடறோம், திருச்சி தாண்டி சமயபுரம் டோல் கழிஞ்சு ஒரு நிறுத்தம், உளுந்தூர்பேட்டை பக்கம் ஒண்ணு, திண்டிவனத்துல ஒண்ணு, எப்படியும் ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பிள்ளைய வெளியில எடுத்து முதுகை நீட்டி படுக்க வச்சுடணும். இதுக்குத்தான் நம்ம ரோட்டுல வசதி இல்ல. 2015ல கவர்மெண்டு பஸ் ஸ்டாண்டுகள்ல தாய்ப்பால் குடுக்க தனி ரூம் திறந்தாங்க, ரொம்ப நல்ல விஷயம், ஆனா கார்ல போறவங்க பைபாஸ்லயே போயிடறோம், பைபாஸ் ஹோட்டல் பெரிய பெரிய பார்க்கிங் வச்சிருக்காங்க, டயப்பர் மாத்த ஒரு மேடை வைக்க மாட்டேங்கறாங்க. நான் டிக்கியில ஒரு ரப்பர் ஷீட்டை விரிச்சு அங்கேயேதான் மாத்தறேன்.

சட்டம் கேக்கறவங்களுக்கு, 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டத்துல 194பி பிரிவு, 14 வயசுக்கு உள்ள பிள்ளைய பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாம கூட்டிட்டுப் போனா ஆயிரம் ரூபா அபராதம். யாரும் இதுவரை எங்களை நிறுத்திக் கேட்டதில்ல.

மார்க்குன்னு கேட்டா அஞ்சுக்கு மூணரை. பாதுகாப்புக்கு முழு மார்க்கு, துணிக்கும் மேனுவலுக்கும் கஸ்டமர் கேருக்கும் சேத்து ஒன்றரை போச்சு. வருஷத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவைதான் கார்ல போவோம், அதுவும் கால் டாக்ஸின்னா, பெல்ட்டுல கட்டற லேசான மாடலா பாருங்க, இது தூக்கிச் சுமக்க முடியாத கனம்.

கொழுந்தனார் சம்சாரம் மாசமா இருக்கா, சின்னவனுக்கு அப்புறம் இந்த சீட்டு எனக்குத்தான்க்கான்னு இப்பவே சொல்லி வச்சிருக்கா. தொட்டில், நடைவண்டி எல்லாம் எங்க வீடுகள்ல கை மாறி கை மாறித்தான் வரும், ஆனா கார் சீட்டை அப்படி கண்ணை மூடிக்கிட்டு வாங்கக்கூடாது. வெயில்ல கெடந்து பிளாஸ்டிக்கு பலம் போகும், அதனால அடியில தேதி அச்சடிச்சிருப்பாங்க, எங்களோடதுல 2030 வரைக்கும்னு இருக்கு. பெரிய ஆக்சிடென்ட்ல இருந்த சீட்டுன்னா வெளியில கீறல் கூட இல்லாட்டியும் உள்ள விரிசல் விட்டிருக்கும். தெரியாதவங்க ஆன்லைன்ல போடற செகண்ட்ஹேண்ட் சீட்டுல இந்த ரெண்டாவதை கண்டுபிடிக்க வழியே இல்ல. இவளுக்கு நானே குடுக்கறதால அந்தக் கவலை இல்ல, கவரை மட்டும் நல்லா துவைச்சுக் குடுக்கணும்.